பிரிட்டிஷ் உளவுத் தொடர்களின் டைட்டில் இசை: அந்த ஒரு நிமிடத்தில் என்ன இருக்கிறது?

#1 நடுநிசிநாடா

ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை இது. அறுபது எழுபதுகளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த உளவுத் தொடர்களைப் பற்றி, குறிப்பாக அவற்றின் டைட்டில் இசையைப் பற்றி.

எனக்கு முதலில் கிடைத்தது இசைதான். தொடர்களைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். வெறும் இசையைக் கேட்டுக்கொண்டே, இந்த ஆள் எப்படி நடப்பான், எந்த ஊரில் இறங்குவான் என்று மனதுக்குள் ஒரு கதை ஓட்டி வைத்திருந்தேன். பிறகு தொடரைப் பார்த்தால் ஆள் பெரும்பாலும் அப்படியே இருந்தான். இது எப்படி என்று யோசித்து யோசித்துத்தான் இந்த ஆர்வமே வளர்ந்தது.

டேஞ்சர் மேனில் தொடங்குகிறேன். ரால்ஃப் ஸ்மார்ட் உருவாக்கியது. முதல் சுற்று 1960-ல் வந்தது, அரைமணி நேர எபிசோடுகள், மொத்தம் 39. ஜேம்ஸ் பாண்ட் சினிமாவுக்கு வந்தது 1962-ல் என்பதை நினைவில் வையுங்கள். பேட்ரிக் மெக்கூஹன் ஜான் டிரேக்காக நடித்தார். டிரேக் துப்பாக்கியை நம்புகிறவன் இல்லை. எபிசோடுக்கு ஒரு காதலி என்ற வழக்கமும் கிடையாது. மெக்கூஹன் அதில் பிடிவாதமாக இருந்தார். 1964-ல் ஒரு மணி நேரத் தொடராகத் திரும்பி வந்தபோது எட்வின் ஆஸ்ட்லி புது இசை போட்டார். பெயர் 'ஹை வயர்'. கழைக்கூத்தாடி உயரத்தில் நடக்கிற கயிறு.

அதைக் கேட்டிருக்கிறீர்களா? பின்னால் பித்தளை வாத்தியங்கள் முழங்குகின்றன. முன்னால் மெட்டைச் சொல்வது ஒரு ஹார்ப்சிகார்ட். பழைய ஐரோப்பிய அரண்மனைக் கூடத்தில் விசிறியோடு உட்கார்ந்து கேட்ட வாத்தியம். அதை எடுத்து ஜெட் விமான காலத்து ஒற்றனுக்குக் கொடுத்திருக்கிறார் ஆஸ்ட்லி. அந்தக் கூர்மையான சத்தத்திலேயே, இந்த ஆள் சண்டைக்காரன் இல்லை, புத்திக்காரன் என்று தெரிந்துவிடுகிறது.

என் எண்ணம் இதுதான். 1960-ல் பித்தளை முழக்கத்தோடு தொடங்கிய இந்தப் பயணம் 1979-ல் ஒரு சிறுவனின் ஜெபப் பாட்டில் வந்து நிற்கிறது. இசையை மட்டும் வரிசையாகக் கேட்டாலே உளவுத் தொடர் எப்படி வயதாகியது என்று தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 ஈஸ்ட்ஹாம்வாசி

நல்ல இழை தம்பி. நான் லண்டனில் இருக்கிறேன். ஐடிவி4 அலைவரிசையில் பகல் நேரத்தில் இந்தப் பழைய தொடர்கள் சுற்றிச் சுற்றி வரும். எனக்கு இரவு வேலை. பகலில் நித்திரை வராத நாட்களில் இவைதான் துணை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் சொல்கிற "வயதாகியது" கதையில் சந்தோஷமான தொடர்கள் வெறும் முன்னுரை ஆகிவிடுகின்றன. அது சரியில்லை. 1962 முதல் 1969 வரை ரோஜர் மூர் நடித்த தி செயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 118 எபிசோடுகள். யாராவது "நீங்கள்தானே சைமன் டெம்ப்ளர்" என்றதும் அவர் மேலே பார்ப்பார், தலைக்கு மேல் ஒளிவட்டம் தோன்றும், உடனே ஆஸ்ட்லியின் இசை பிடித்துக்கொள்ளும். சைமன் டெம்ப்ளர் நேரடியாக ஒற்றன் இல்லைதான். ஆனாலும் அந்தக் கணத்தில் வரும் குதூகலம் எந்தச் சோக இசைக்கும் குறைந்தது இல்லை.

அவெஞ்சர்ஸ் தொடரும் அப்படியே (மார்வெல் படம் இல்லை). நாயகன் ஜான் ஸ்டீடின் தொப்பியும் குடையும், கூட்டாளி எம்மா பீலின் நடையும், இசையமைத்த லாரி ஜான்சனின் வயலின்களும். 1961-ல் தொடங்கியபோது ஜானி டாங்க்வொர்த்தின் ஜாஸ் இசை இருந்தது. 1965-ல் தொடரைப் பிலிமில் எடுக்கத் தொடங்கியபோதுதான் ஜான்சன் வந்தார். அவருடைய இசை தொடங்கினால் அறையே நிமிர்ந்து உட்காரும். ஜான்சன் 2024 ஜனவரியில் காலமானார். அன்று முழுக்க அதைத்தான் போட்டுக் கேட்டேன்.

#3 மூன்றாம்மாடி

அவெஞ்சர்ஸ் முதல் வருடத்து எபிசோடுகள் பெரும்பாலும் இப்போது இல்லவே இல்லை. நிறைய நேரடியாக ஒளிபரப்பியது. டேஞ்சர் மேன் முதலிலிருந்தே பிலிமில் எடுத்து வெளிநாட்டுக்கு விற்ற சரக்கு, அதனால் தப்பித்தது. அதைத் தயாரித்த ஐடிசி நிறுவனத்தின் தலைவர் லூ கிரேடுக்கு அமெரிக்கச் சந்தை மேல் கண். அந்த வியாபாரப் புத்திதான் இன்று நமக்கு இவற்றைப் பளிச்சென்று பார்க்கக் கொடுத்திருக்கிறது.

#4 கல்யாணி_வில்

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். நாடா சொன்ன ஹார்ப்சிகார்ட் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

பியானோவில் கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் கம்பியை அடிக்கும். ஹார்ப்சிகார்டில் அழுத்தினால் ஒரு சின்ன முனை கம்பியைச் சுண்டிவிடும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது வாசிப்பவரின் கோபமோ கனிவோ விரல் வழியாக வெளியே வராது. உணர்ச்சியை வெளியே காட்டக்கூடாத மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் இருக்கிறதா? ஆஸ்ட்லி அப்படி நினைத்துத்தான் எடுத்தாரா என்பது வேறு விஷயம். காதுக்கு அப்படித்தான் கேட்கிறது.

அடுத்த காரணம் எளிமையானது. அந்தக் காலத்து டிவிப் பெட்டியின் ஒலிபெருக்கி உள்ளங்கை அளவு. அடிக்குரல் சத்தமெல்லாம் அதில் கரைந்து போய்விடும். சுண்டுகிற கம்பி, பித்தளை, மேளம் இவைதான் அதைக் கிழித்துக்கொண்டு பக்கத்து அறைவரை வரும். சமையலறையில் இருப்பவருக்கு "தொடங்கிவிட்டது, வா" என்று சொல்லவேண்டிய இசை அல்லவா.

இன்னொரு வாத்தியமும் இருக்கிறது: சிம்பலம். ஹங்கேரிக்காரர்களுடையது. விரித்து வைத்த கம்பிகளைக் குச்சியால் தட்டி வாசிப்பார்கள். நம் காஷ்மீர் சந்தூருக்கு உறவு. அதைக் கேட்டதும் மேற்கு ஐரோப்பியக் காதுக்கு "கிழக்கே எங்கோ, எல்லைக்கு அந்தப் பக்கம்" என்று தோன்றிவிடும். 1971-ல் வந்த தி பெர்சுவேடர்ஸ் தொடருக்கு ஜான் பேரி அதையும் மூக் என்ற மின்னணு சிந்தசைசரையும் சேர்த்துப் போட்டார். ரோஜர் மூரும் டோனி கர்டிஸும் நடித்த ஜாலியான தொடர். ஆனால் இசையை மட்டும் தனியாகக் கேளுங்கள், நெஞ்சு கனக்கும். ஈஸ்ட்ஹாம்வாசி அண்ணா, சந்தோஷத் தொடர் என்று நீங்கள் சொல்வதற்குள்ளேயே சோகம் ஒளிந்திருக்கிறது.

பாண்ட் இசையையும் சொல்லாமல் விட முடியவில்லை. மாண்டி நார்மன் எழுதி ஜான் பேரி 1962-ல் வாத்தியக்கோவை செய்தது. அதன் அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும் நான்கு சுரம் இருக்கிறதே, அது பஞ்சமம், சுத்த தைவதம், அதற்கு அரைச்சுரம் மேலே, மறுபடி சுத்த தைவதம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி. முடிவில் கிட்டாரில் வரும் அந்தக் கூட்டுச்சுரத்தில் சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும் ஒன்றாக நிற்கும். கீரவாணியின் நிறம். அது ஓய்வுக்கு வராது, தொங்கிக்கொண்டே இருக்கும்.

#5 நடுநிசிநாடா

அக்கா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது தகும். "விரல் வழியாக வெளியே வராது" என்ற வரியை மனதில் வைத்துக்கொண்டு இப்போது ஹை வயரை மறுபடி கேட்டேன். டிரேக்கின் முகம்தான்.

#6 ரயிலடி

அமெரிக்காவில் டேஞ்சர் மேனை 'சீக்ரெட் ஏஜென்ட்' என்று பெயர் மாற்றி, ஆஸ்ட்லி இசைக்குப் பதிலாக ஒரு பாட்டைப் போட்டார்கள். பி.எஃப். ஸ்லோனும் ஸ்டீவ் பாரியும் எழுதி ஜானி ரிவர்ஸ் பாடியது. 1966-ல் அங்கே இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாவது இடம்வரை போனது. கிட்டார் பிரமாதம்தான், ஆனால் ஹார்ப்சிகார்ட் கேட்ட காதுக்கு ஒட்டவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புல்லரித்தது. அவனுக்கு ஒரு எண்ணைக் கொடுத்துப் பெயரைப் பறித்துக்கொண்டார்கள் என்று அந்தப் பாட்டில் வரும். அடுத்த வருடமே அதே மெக்கூஹன் தி ப்ரிசனர் தொடரில் பெயர் இல்லாத 'ஆறாம் எண்' ஆகிறார்.

#7 நடுநிசிநாடா

ரயிலடி, ப்ரிசனருக்கு நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். நான் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

1967 செப்டம்பரில் தொடங்கி 17 எபிசோடுகள். வேலையை ராஜினாமா செய்தவரைக் கடத்தி ஒரு விநோத ஊரில் அடைத்து வைக்கிற கதை. டைட்டில் காட்சி மட்டும் ஏறக்குறைய மூன்று நிமிடம். அதை ஒருமுறை அப்படியே சொல்லிப் பார்க்க ஆசை. இடி இடிக்கிறது. வெற்றுச் சாலையில் ஒரு லோட்டஸ் கார் நேராக நம்மை நோக்கி வருகிறது. லண்டன். பாதாளத்துக்குள் இறங்கும் கார். நீண்ட இருட்டு நடைபாதை. மெக்கூஹன் இரண்டு கதவையும் தள்ளித் திறந்துகொண்டு போய், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கத்துகிறார், மேஜையில் குத்துகிறார். தேநீர்க் கோப்பை துள்ளுகிறது. அவர் கத்துவது நமக்குக் கேட்பதே இல்லை! இடியும் இசையும் மட்டும்தான். பிறகு ஒரு இயந்திரம் அவர் புகைப்படத்தின் மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து, ராஜினாமா செய்தவர்கள் பெட்டியில் போடுகிறது. வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது சாவித்துளை வழியாகப் புகை. கண் விழித்து ஜன்னலைத் திறந்தால் வெளியே வேறு ஊர்.

இசை ரான் கிரெய்னர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். டாக்டர் ஹூவின் இசையும் அவருடையதே. ப்ரிசனருக்கு அவர் முதல் தேர்வு இல்லை. ராபர்ட் ஃபார்னனும் வில்ஃப்ரெட் ஜோசஃப்ஸும் எழுதியவற்றை மெக்கூஹன் ஏற்கவில்லை. கிரெய்னர் முதலில் கொடுத்தது மெதுவான வடிவம், அதையும் வேகப்படுத்தச் சொன்னார். சரியான கோபம் வரும்வரை விடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வசனத்தை எடுத்துவிட்டு, கத்துகிற வேலை முழுவதையும் கிட்டாரிடமும் பித்தளையிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர் வேல்ஸில் இருக்கும் போர்ட்மேரியன். கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞரின் கனவு ஊர். டேஞ்சர் மேன் முதல் எபிசோடின் சில காட்சிகளை அங்கே எடுத்தபோதே மெக்கூஹன் அதைப் பார்த்து மனதில் வைத்துவிட்டார்.

#8 ரயிலடி

ஆறாம் எண் என்பது ஜான் டிரேக்கேதானா? மெக்கூஹன் இல்லை என்றார். கதைப் பொறுப்பாளர் ஜார்ஜ் மார்க்ஸ்டைன் ஆம் என்றார். டைட்டிலில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த மார்க்ஸ்டைன்தான். ராஜினாமாவை வாங்கிக்கொண்டவரே சொல்வதால் நான் அவர் கட்சி.

#9 மூன்றாம்மாடி

எனக்கு இந்த ஒளிவட்டம், ஷாம்பெயின் எல்லாம் அவ்வளவாகப் பிடிக்காது. முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். எனக்குப் பிடித்த உளவுத் தொடர்களில் கோப்பு நகரும், படி ஏறி இறங்குவார்கள், மேலதிகாரி கையெழுத்துப் போட மறுப்பார்.

கேலன். 1967 முதல் 1972 வரை. எட்வர்ட் உட்வர்ட். சொந்த அரசாங்கத்துக்காக ஆளைக் கொல்லும் வேலை, ஆனால் கொல்லப்படுகிறவன் யார், ஏன் என்று கேட்கும் கெட்ட பழக்கம் அவனுக்கு. ஓய்வு நேரத்தில் பொம்மைப் போர்வீரர்களை வைத்து விளையாடுவான். யாரைத் தீர்க்கவேண்டுமோ அவர் பெயர் சிவப்புக் கோப்பில் போகும். சிவப்பு அட்டை என்றாலே அவசரம் என்று பழகிய எனக்கு, முதல்முறை அதைப் பார்த்தபோது கை சில்லிட்டது.

டைட்டிலில் ஒரு பல்பு ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அந்த இசை இந்தத் தொடருக்காக எழுதியதே இல்லை தெரியுமா? டி உல்ஃப் என்ற இசைக் களஞ்சியத்தில் தயாராக வைத்திருந்த துண்டு. யார் வேண்டுமானாலும் கட்டணம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் பெயர் ஜாக் ட்ராம்பி என்று இருக்கும். அதுவும் புனைபெயர். உண்மையில் யான் ஸ்டூகார்ட் என்ற டச்சுக்காரர். வான் டெர் வால்க் தொடரின் இசையும் அவருடையது. அது 1973-ல் பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. அலமாரியிலிருந்து எடுத்த இசை, பொய்ப் பெயரில் எழுதியது, அதுதான் கேலனின் தோளில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது தி சேண்ட்பேக்கர்ஸ். யார்க்‌ஷயர் டெலிவிஷன், 1978 முதல் 1980, 20 எபிசோடுகள். இயன் மாக்கின்டாஷ் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி உருவாக்கியது. ராய் மார்ஸ்டன் உளவுத்துறை நடவடிக்கைகளின் இயக்குநர் பர்ன்சைடாக. அவர் சண்டை போடுவதெல்லாம் வெளியுறவு அலுவலகத்தோடும் சொந்த மேலிடத்தோடும்தான். ராய் பட் போட்ட டைட்டில் இசையில் கல்யாணி அம்மா சொன்ன அதே சிம்பலம் வருகிறது. ஆனால் கதைக்குள்ளே பின்னணி இசை ஏறக்குறைய கிடையாது. பேச்சு, தொலைபேசி மணி, காலடி. டைட்டிலில் ஒரு நிமிடம் கேட்ட அந்தத் தாளம் மட்டும் காதில் மிச்சமிருந்து மீதி நேரம் முழுக்க நம்மைப் பதற வைக்கும்.

மாக்கின்டாஷ் பயணம் செய்த சிறு விமானம் 1979 ஜூலையில் அலாஸ்கா வளைகுடாவில் காணாமல் போனது. அவர் கிடைக்கவே இல்லை. மூன்றாம் சுற்றோடு தொடரும் முடிந்தது. அந்தக் கடைசி எபிசோடு முடிகிற விதத்தைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

#10 ஈஸ்ட்ஹாம்வாசி

ஐயா, உங்கள் பதிவைப் பார்த்து கேலன் மேல் மரியாதை கூடிவிட்டது. ஆனால் ஸ்டீடை விட்டுக்கொடுக்க மாட்டேன். பேட்ரிக் மெக்னீ இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தவர். துப்பாக்கி பார்த்தது போதும் என்று ஸ்டீட் கையில் அதைக் கொடுக்க மறுத்தார். குடையே ஆயுதம். அந்தப் பக்கம் மெக்கூஹன், இந்தப் பக்கம் மெக்னீ, இரண்டு பேட்ரிக்குகளும் துப்பாக்கி வேண்டாம் என்றவர்கள். ஜான்சனின் இசை அவ்வளவு லேசாக மிதப்பதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன். மிதப்பது என்றால் ஆழமில்லை என்று அர்த்தம் இல்லை.

#11 ரயிலடி

ஆனால் 1967 வண்ண டைட்டிலில் எம்மா பீல் துப்பாக்கியால் ஷாம்பெயின் தக்கையைச் சுட்டுத் திறக்கிறாரே அண்ணா!

#12 ஈஸ்ட்ஹாம்வாசி

உண்மை, உண்மை. தக்கையைத்தானே சுட்டார். பிறகு ஸ்டீடின் கோட்டில் பூச் செருகுவார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#13 மாலைஜெபம்

வணக்கம். நான் பாளையங்கோட்டைப் பக்கம், கோயில் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன். உளவுத் தொடர்களில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். பிபிசி 1979-ல் ஏழு பாகமாக எடுத்த டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை. அலெக் கின்னஸ் ஜார்ஜ் ஸ்மைலியாக. நாடா முதல் பதிவில் "சிறுவனின் ஜெபப் பாட்டு" என்றது இதன் முடிவில் வருவதைத்தான். இன்னும் யாரும் அதற்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது வெறும் ஜெபம் இல்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வரும் சிமியோனின் பாட்டு. வயதான சிமியோன் தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்துகிறார். பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டேன் ஆண்டவரே, இனி உம் ஊழியனைச் சமாதானத்தோடு போகவிடும் என்கிறார். ஆங்கிலிக்கன் சபையில் மாலை ஆராதனையில் பாடுவது. நாள் முடிகிறது, வேலை முடிகிறது, போக உத்தரவு கொடும்.

ஜெஃப்ரி பர்கன் அதற்கு இசையமைத்தார். புனித பவுல் பேராலயப் பாடகர் குழுவின் சிறுவன் பால் ஃபீனிக்ஸ் பாடினான். கூடவே ஒரு டிரம்பெட். தொடக்க டைட்டிலில் ரஷ்ய மரப்பொம்மைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும், கடைசிப் பொம்மைக்கு முகமே இருக்காது. முகமில்லாத பொம்மையில் தொடங்கி, ஒரு சிறுவனின் குரலில் முடியும்.

ஸ்மைலியை நினைத்துப் பாருங்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். ஆனால் சமாதானத்தோடு அனுப்பப்படவில்லை. மறுபடி கூப்பிட்டு, உன் சகாக்களில் துரோகி யார் என்று கண்டுபிடி என்கிறார்கள். அந்தக் கதை ஒவ்வொரு வாரமும் முடியும்போது "ஊழியனைப் போகவிடும்" என்று பாட்டு. முதல்முறை கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன், கோயிலில் நிற்பதுபோல.

#14 நடுநிசிநாடா

மாலைஜெபம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் முதல் பதிவுக்குத் திரும்பிப் போனேன். நான் இசை முழக்கத்திலிருந்து ஜெபத்துக்குப் போகிறது என்று பார்த்தேன். அடியில் வேறொன்று ஓடியிருக்கிறது. இந்தத் தொடர்களில் பாதி, வேலையை விட்டுப் போக முடியாதவர்களின் கதை.

ஆறாம் எண் ராஜினாமா செய்கிறார், விடமாட்டேன் என்கிறார்கள். கேலனைப் பாருங்கள், முதல் கதையில் அவன் அந்தப் பிரிவை விட்டு வெளியேறி எங்கோ கணக்கெழுதிக்கொண்டிருக்கிறான், திரும்ப இழுத்து வருகிறார்கள். 1967-ல் கிரெய்னரே இசையமைத்த மேன் இன் எ சூட்கேஸ் என்று இன்னொன்று உண்டு. அதில் மெக்கில் என்ற அமெரிக்க உளவாளியைப் பழி சுமத்தித் துரத்திவிட்டார்கள், அவன் ஒரு பெட்டியோடு ஊர் ஊராக அலைகிறான். ஸ்மைலி ஓய்வில் இருந்தவர். எல்லோருக்கும் ஒரே ஒரு உத்தரவுதான் தேவைப்பட்டது. ப்ரிசனரின் இடி அதைக் கோபமாகக் கேட்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து அதையே ஒரு சிறுவன் கெஞ்சிக் கேட்கிறான்.

#15 மூன்றாம்மாடி

தேநீர்க் கோப்பையையும் கவனியுங்கள். ப்ரிசனரில் மேஜையில் குத்தியதும் கோப்பை துள்ளுகிறது. டிங்கர் டெய்லர் முதல் காட்சியில் நான்கு அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கூட்ட அறைக்குள் வருவார்கள், யாரும் பேசமாட்டார்கள். அதில் ஒருவர் தேநீர்க் கோப்பையின் மேல் சாஸரை மூடியபடி தூக்கிக்கொண்டு நடந்து வருவார். சூடு ஆறாமல் இருக்க. எங்கள் அலுவலகத்தில் தினமும் பார்த்த காட்சி அது. அந்த மூடிய சாஸரைப் பார்த்ததுமே இந்த அறையில் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, ஒரு கடிகாரம் கொடுத்து, வாசல்வரை வந்தார்கள். மறுவாரமே ஒரு பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். போய் எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. ஸ்மைலி மறுபடி அந்தக் கட்டடத்துக்காக வேலை செய்யச் சம்மதிக்கும்போது கின்னஸின் முகத்தைப் பாருங்கள், அதில் இரண்டும் இருந்தன.

#16 ஈஸ்ட்ஹாம்வாசி

ஐயா, இதற்கு மேல் நான் ஸ்டீடுக்காக வாதாடவில்லை. இன்று இரவு வேலைக்குப் போகும்போது அந்தப் பெடியனின் பாட்டைக் கேட்டுக்கொண்டு போகிறேன்.

#17 கல்யாணி_வில்

வாதாடுங்கள் அண்ணா, ஸ்டீடும் வேண்டும்.

பர்கனைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவர் முதலில் டிரம்பெட் வாசித்துப் பிழைத்தவர். முப்பது வயதுவாக்கில் அந்த வேலையை விட்டு, டிரம்பெட்களை விற்றுவிட்டு, முழுநேரமும் இசை எழுத உட்கார்ந்தார். ஏழெட்டு வருடம் கழித்து வந்ததுதான் சிமியோனின் பாட்டு. சிறுவன் பாடும்போது பக்கத்திலேயே நடந்து வரும் அந்த டிரம்பெட் வரியை நேற்று இரவு வயலினில் எடுத்துப் பார்த்தேன். சுரம் ஒன்றும் கடினமில்லை. மூச்சு விடுகிற இடங்கள்தான் வரவில்லை. டிரம்பெட் வாசித்த ஆள் எழுதியது, எங்கே நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வில்லைத் தூக்கித் தூக்கி வைத்து அந்த இடைவெளியைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.